மயில் கட்டில் சிதம்பரம் போன கதை

1944, ஆனி மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குக் கடலூர் முதுநகரிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரிவாயு லாரியில் கிளம்பினோம். சிதம்பரம் இருபத்தெட்டு மைல். வாடகை பதினான்கு ரூபாய். முன்னால், புகுந்த வீட்டுக்குப் போகும் என் தங்கை செல்லம்; பின்னால் அவளுடைய சீர்க்கட்டில். தேக்கு, தலைமாட்டில் மயில். சீர்க்கட்டிலைப் பிரித்துக் கொண்டுபோவது எங்கள் வீட்டில் ஆகாது. அதனால் ஆசாரி கால்களை ஆப்பு வைத்து இறுக்கிவிட்டார். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கட்டில் செல்லத்தின் அறைக்குள் போயாக வேண்டும்.

என் மனைவியின் தம்பி குப்புசாமி கூட வந்தான். ஒரே முறை பார்த்த சம்பந்தி வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தூண் தூணாக வர்ணித்தான். எனக்குப் பொறாமை. கண்ணை மூடினால் எனக்கு வெறும் இருட்டு. பெற்றவளின் முகம்கூட வராது. மனக்கண் என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றே முப்பது வயதுவரை நினைத்திருந்தேன்.

புவனகிரியில் லாரிக்கு மூச்சு வாங்கியது. டிரைவர் கரியைக் கிளறியதில் அரைமணி போயிற்று.

ஒன்பதே முக்காலுக்குச் சம்பந்தி வீடு சேர்ந்தோம். வீட்டு நடை குறுகல். அறைக்குச் சட்டென்று திரும்ப வேண்டும். குப்புசாமி கண்ணை மூடினான்.

"அப்படியே தெரியுது மாமா. நிமித்தி நேரா உள்ள தள்ளிடலாம்."

நிமிர்த்தினோம். மயில் உத்தரத்தில் முட்டியது. மறுபடியும் முட்டியது. மணி பத்து ஐந்து. இரண்டு காலை அறுத்துவிடலாமே என்றார் சம்பந்தி. கதவோரம் நின்ற செல்லத்தின் முகம் வாடிவிட்டது. வந்த முதல் நாளே கால் அறுத்த கட்டில் என்றால் தெரு சும்மா விடுமா?

எனக்கு வீம்பு வந்துவிட்டது. நடைக்குள் போய் நானே கட்டிலானேன். முதுகுதான் சட்டம், முன்னால் நீட்டிய கைகள்தான் கட்டிலின் கால்கள். நேராக நின்றால் கை கதவு நிலையில் இடித்தது. பக்கவாட்டில் திரும்பி, கைகளை முதலில் அறைக்குள் விட்டு, இடுப்பைச் சுழற்றினேன். முதுகு தானாக உள்ளே வந்துவிட்டது! சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"ஒருக்களிச்சுப் புடி மச்சான். மொதல்ல காலு, அப்புறம் ஒடம்பு."

பத்து இருபதுக்கு மயில் அறைக்குள் இருந்தது. என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. குப்புசாமி மட்டும் உத்தரத்தை முறைத்துக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு விடைபெற அறைக்குள் போனேன். கட்டிலைத் திருப்பும் வழி எப்படித் தெரிந்தது என்று செல்லம் கேட்டாள். யாரிடமும் சொல்லாத அந்த இருட்டைச் சொன்னேன்; கண்ணுக்கு வராதது உடம்புக்கு வரும் என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் அப்படித்தாண்ணே. நீங்க போயிட்டா உங்க மூஞ்சி எனக்கு வராது. அதுக்குத்தான் நேத்தெல்லாம் அழுதேன்."

இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்! நான் குனிந்தேன். அவள் என் நெற்றி, மூக்கு, தாடை என்று விரலால் மெதுவாகத் தடவினாள். லாரிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அவள் முடிக்கும்வரை நான் நிமிரவில்லை.