தீர்த்தம் பட்ட வள்ளம்

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. தீவகத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தின் தேவாலயப் பெருநாள். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த பெருநாள் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம், பெண்கள் படகோட்ட அணியில் இருந்தேன். அணி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். துடுப்பு வலிக்க நான்கு பேர், சுக்கான் பிடிக்க ஒருத்தி, தெற்கிலிருந்து லொறியில் வந்த ஒரு பழைய படகு, அவ்வளவுதான். எங்கள் பல்கலைக்கழகத்தில் படகோட்டத்தைத் தொடங்கியவர்கள் ஆண்கள். ஊர்காவற்துறைப் பக்கம் வலை வைக்கிற ஒரு கொட்டிலைக் கேட்டு வாங்கி, அதில் படகை வைத்துப் பழகினார்கள். அவர்களுக்குப் புதுப் படகு வந்தபோது பழையது எங்கள் தலையில் விழுந்தது. கூடவே அவர்களின் சட்டங்களும் வந்தன. முதலாம் வருடக்காரர் துடுப்பைத் தொடக்கூடாது, படகைத் தோளில் தூக்கிப் பழகவேண்டும். பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு கான் நல்ல தண்ணீர் கொண்டுவரவேண்டும். தீவில் நல்ல தண்ணீர் கிடைப்பது அவ்வளவு பாடு. முதலில் படகின் உப்பைக் கழுவவேண்டும், மிஞ்சினால்தான் எங்களுக்குக் குடிக்க. எங்கள் ஊர் சரவணையிலிருந்து தண்ணீர்க் கானை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். "தங்கச்சி, கடலுக்குத் தண்ணி ஊத்தப் போறீரோ?" என்று கொண்டக்டர் ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். ஞாயிறு என்றால் மீனவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள், கடலில் வலை விரித்திருக்காது. அதனால் அன்றுதான் எங்களுக்குப் பயிற்சி.

அந்த வருடம் விளையாட்டுப் பகுதிப் பொறுப்பாளர் எங்களைக் கூப்பிட்டார். தெற்கில் நடந்த போட்டி எங்கள் பரீட்சையோடு முட்டியதால் நாங்கள் போகவில்லை. அதற்கு முந்தைய வருடங்களில் போய் வந்ததெல்லாம் கடைசி இடம். "இந்த வருசம் ஒரு போட்டியையாவது ஓடி முடிக்கவேணும். இல்லாட்டி உந்தப் படகைக் கழட்டி, ஆம்பிளையளின்ர படகுக்கு உதிரிப்பாகமா எடுக்கிறதுதான் நல்லம்" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாங்கள் உப்புக் கழுவிக் கழுவி வைத்திருந்த படகு அது.

மிச்சம் இருந்தது அந்தப் பெருநாள் போட்டி ஒன்றுதான். எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, கடலில் நட்ட கொடியைச் சுற்றி வள்ளம் வலிப்பார்கள். எங்கள் ஆண்கள் அணியை வருடா வருடம் அழைப்பார்கள். நாங்களும் போய்க் கேட்டோம். பெருநாள் குழுத் தலைவர் வேறு யாருமில்லை, எங்கள் சுக்கான்காரியின் அப்பா. மகளின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"அது எங்கட வழக்கமில்லைப் பிள்ளையள். பொம்பிளையள் ஏறின வள்ளத்துக்கு மீன் படாதெண்டு சனம் கதைக்கும்."

"நாங்கள் மீன் பிடிக்கவோ கேட்டு வந்தனாங்கள்?" என்று என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏலாது" என்று எழும்பிப் போய்விட்டார்.

சுக்கான்காரி எங்களோடு பஸ் தரிப்பு வரைக்கும் வந்தாள். பஸ் வருகிற நேரம்தான் சொன்னாள். பெருநாள் பூசை முடிந்ததும் வள்ளங்களை எல்லாம் கரையில் நிரையாக விடுவார்களாம். பங்குத்தந்தை ஒவ்வொன்றுக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். தீர்த்தம் பட்ட வள்ளம் அன்றைக்கு ஓடித்தான் ஆகவேண்டும். அதைக் கரையில் மறித்து வைத்தால் புனிதரையே அவமதித்ததாக அந்த ஊர் நினைக்கும்.

"அப்பா என்ன சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்த வழக்கத்தைச் சொல்லித் தந்ததே அவர்தான்" என்றாள்.

பெருநாளன்று ஊர் முழுக்கப் பூசையில் இருந்தபோது, நாங்கள் படகைத் தோளில் தூக்கிவந்து நிரையின் கடைசியில் வைத்தோம். பூசை முடிந்து சனம் வந்தது. முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் ஆண்கள் அணி ஒரு பக்கமாக நின்று சிரித்தது. சுக்கான்காரியின் அப்பா முகம் கறுத்துப்போய் நின்றார். படகில் வைத்த கையை மகள் எடுக்கவில்லை.

பங்குத்தந்தை ஒவ்வொரு வள்ளமாகத் தெளித்துக்கொண்டு எங்களிடம் வந்து நின்றார். குழுவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் நீந்தத் தெரியுமோ?"

"ஓம் ஃபாதர்."

தெளித்துவிட்டார். ஒரு துளி என் மூக்கிலும் விழுந்தது. அதற்குப் பிறகு எவரும் எங்களை மறிக்கவில்லை.

பின்னேரம் போட்டி தொடங்கியது. கொடி வரைக்கும் நன்றாகத்தான் போனோம். இரண்டு வள்ளங்களை முந்தியும் விட்டோம், அதை இப்போதும் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறேன். கொடியைச் சுற்றித் திரும்பியதும் காற்று எழும்பியது. குளத்தில் ஓடவென்று செய்த ஒடுங்கிய படகு எங்களுடையது, பக்கம் ஒரு சாண் உயரம்கூட இல்லை. அலை நேரே உள்ளுக்கு வந்தது. என் துடுப்பு தண்ணீருக்குள் மாட்டி, பிடி வந்து நெஞ்சில் அடித்தது. நான் மல்லாந்து விழுந்தேன். எழும்பி இருப்பதற்குள் எல்லா வள்ளங்களும் எங்களைத் தாண்டிவிட்டன.

துடுப்பு வலிக்கிற நாங்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் இருப்போம். ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கொடியும் வெறும் கடலும்தான். கரையிலிருந்து "ஊ" என்று கூச்சல் மட்டும் கேட்டது. கரையைப் பார்த்திருந்தவள் சுக்கான்காரி ஒருத்திதான். அவள் ஒரு கையால் சுக்கானைப் பிடித்து, மறுகையில் தொப்பியால் தண்ணீர் இறைத்தாள்.

அப்போது ஒரு எஞ்சின் வள்ளம் பக்கத்தில் வந்தது. அவளுடைய அப்பா. கயிற்றை எறிந்தார்.

"கட்டுங்கோ பிள்ளையள், இழுத்துக்கொண்டு போறன்."

"வேண்டாம் அப்பா" என்றாள். "கட்டினா ஓடி முடிச்சதெண்டு வராது."

"தண்ணிக்குள்ள தாண்டு போவியள் மோளே!"

"படகு தாண்டா நீந்துவம். கயிறு வேண்டாம்."

அவர் கயிற்றைச் சுற்றி எடுத்தார். எஞ்சினை நிறுத்தினார். தன் வள்ளத்தைக் காற்றுப் பக்கமாகக் கொண்டுவந்து, நீண்ட மரக்கோலைக் கடலடியில் ஊன்றித் தள்ளிக்கொண்டே எங்களோடு வந்தார். அலை அவருடைய வள்ளத்தில் அடித்து அடங்கியது. எங்கள் பக்கம் தண்ணீர் தணிந்தது. கரை வரும்வரை அவர் விலகவில்லை. நாங்கள் வலித்தோம்.

படகின் அடி மணலில் முட்டியபோது பரிசு கொடுத்து முடிந்திருந்தது. மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "கடைசியா வாறதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று யாரோ கேட்டார். "கடைசியெண்டாலும் நாங்களாத்தான் வந்தனாங்கள்" என்றேன். மூச்சு வாங்கியதில் பாதிதான் அவருக்குக் கேட்டிருக்கும்.

சுக்கான்காரியின் அப்பா இடுப்பில் நனைந்த சாரத்தோடு மைக்காரரிடம் போனார். "மைக்கைப் போடும். தீர்த்தம் பட்ட வள்ளம் ஒண்டை நீர் இன்னும் சொல்லேல்லை" என்றார். தீர்த்தம் பட்ட ஒவ்வொரு வள்ளத்தையும் மைக்கில் சொல்லாமல் பெருநாள் முடியாது என்ற வழக்கம், அவர் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. "பல்கலைக்கழகப் பெண்கள், கடைசி இடம்" என்று அறிவித்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். விருந்தினர் கதிரையில் இருந்த எங்கள் பொறுப்பாளர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதிரிப்பாகக் கதையை அதன்பிறகு அவர் எடுக்கவேயில்லை.

அப்பா மகளிடம் வந்து, "கொம்மா பாத்துக்கொண்டு நிக்கிறா, சாப்பிட வா. அவையளையும் கூட்டிக்கொண்டு வா" என்றார். அவள் அப்போதுதான் அழுதாள். படகைக் கழுவிவிட்டுத்தான் வருவோம் என்று நான் சொன்னேன். கழுவினோம். குடிக்க ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.

அந்தப் படகு இன்றும் கொட்டிலில் இருக்கிறது. புதுப் பிள்ளைகள் அதைத் தோளில் தூக்கிப் பழகுகிறார்கள். நான் இப்போது வேலைக்குப் போகிறேன். உன்னால் ஏலாது, விட்டுவிடு என்று யாராவது சொல்கிறபோது, சிரிக்கிற கரைக்கு முதுகைக் காட்டி, கடந்து வந்த தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு வலித்த அந்தப் பின்னேரத்தை நினைத்து, இன்னும் ஒரு தடவை வலிக்கிறேன்.