அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பூதக்கண்ணாடி

நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாசனை... தேய்த்து மினுக்கிய மரத்தரையில் சப்பாத்துகள் எழுப்பும் கிறீச் சத்தம்...

டென்மார்க்கில், ஓகூஸ் நகரில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வார இறுதிகளில் ஒரு சின்ன மியூசியத்தில் எனக்கு வேலை. சாம்பல் நிற ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் கதிரையில் இருக்க வேண்டும். யாரும் படங்களைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வருடம் மாரி முழுக்க அங்கே பிரெஞ்சுக் கல்லச்சுப் படங்கள். கல்லில் கீறி, தாளில் ஒற்றி எடுத்து, அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்த கேலிச் சித்திரங்கள். விதவைக்காகக் கோர்ட்டில் கண்ணீர் விட்டபடி ஓரக்கண்ணால் நேரம் பார்க்கிற வக்கீல். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் பிச்சை போடுகிற கனவான்.

முதல் வாரம் சும்மா பார்த்தேன். இரண்டாம் வாரம் சிரித்தேன். மூன்றாம் வாரம் பழைய டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் நானும் கீறத் தொடங்கினேன்...

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழமை நாட்களில் கிடங்கில் வேலை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலைத் தலைவர். மைக்கைப் பிடித்தால் ஒரு வரி கட்டாயம் வரும்.

"இஞ்சை எங்களுக்கு ஒரே சாதிதான்... தமிழ்ச் சாதி!"

மண்டபம் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன்.

அந்த மாரியில்தான் அண்ணா வாயைத் திறந்தான். அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் வனிதாவைக் கட்டப் போகிறானாம். அப்பா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"அவை ஊரிலை எந்தப் பக்கம்? கோயிலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?... சீச்சீ, நான் உதெல்லாம் பாக்கிறேல்லை. சும்மா அறிஞ்சு வைக்கத்தான்."

ஊரில் எந்தப் பக்கம் வீடு என்று தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். ஹோலில் இருந்த அண்ணாவுக்கும் அது கேட்டது. எழும்பி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். இரண்டு கிழமை வீட்டுப் பக்கம் வரவில்லை.

நான் கீறினேன். இந்த முறை பெரிய தாளில். மைக்குக்கு முன்னால் வலது கையை உயர்த்தி முழங்குகிற அப்பா, மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிது. முதுகுக்குப் பின்னால் இடது கையில் ஒரு பூதக்கண்ணாடி. அதற்குக் கீழே வனிதாவின் ஊர் மேப், நடுவில் கோயில்.

கீறிவிட்டேன். காட்டத்தான் துணிவு வரவில்லை. கொப்பிக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் யூனிவர்சிட்டியால் வந்து பார்த்தால் படம் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது! அப்பாவை எதிர்த்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டிராத அம்மா, அதற்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டுகிறா.

"அம்மா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்!"

"வடிவாத்தானே கீறியிருக்கிறாய்... ஒளிச்சு வைக்க என்ன கிடக்கு?"

அப்பா வேலையால் வந்தார். பால் எடுக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"இது ஆர் கீறினது?"

"நான்தான் அப்பா."

"எங்கை பழகினனீ?"

"வேலை செய்யிற இடத்திலை."

படத்தைக் கழற்றவில்லை. அது அங்கேயே கிடந்தது. நாலு நாள்.

சனிக்கிழமை மத்தியானம், மியூசிய வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அப்பா! தமிழ்ப் பாடசாலையை அந்த ஒரு நாள் வேறு யாரிடமோ விட்டுவிட்டு, பஸ் மாறி வந்திருக்கிறார். என்னைத் தெரியாத ஆள் மாதிரி முதல் படத்திலிருந்து தொடங்கினார்.

யாழ்ப்பாணத்தில் கோர்ட்டில் கிளாக்கராக இருந்தவர் அவர். வக்கீல் படத்தைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற டெனிஷ் மனிசியும் சேர்ந்து சிரித்தது. பிச்சை போடுகிறவர் படத்துக்கும் சிரிப்பு.

பிறகு ஒரு விருந்துப் படம். கிளாசை உயர்த்திப் பேசுகிறார் ஒரு பெரியவர். மேசைக்குக் கீழே அவருடைய கால், தரை துடைக்கிற வேலைக்காரியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அப்பா அதில் நின்றார்... நெடுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதிலை என்ன எழுதியிருக்கு?"

படத்துக்குக் கீழே டெனிஷில்தான் எழுதியிருந்தது; அது அவருக்கு வாசிக்கத் தெரியும். ஆனாலும் சொன்னேன். "'நாங்கள் எல்லாரும் சகோதரர்' எண்டு சொல்லுறார், அப்பா."

"கீழை காலைப் பாத்தியோ?"

"பாத்தனான்."

தலையாட்டினார். போகும்போது வாசலில் நின்று, "எனக்கு அவ்வளவு பெரிய மூக்கில்லை" என்றார்.

"மற்றதெல்லாம் சரியோ அப்பா?"

தொப்பியைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார்.

அன்று பின்னேரமே அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போன் எடுத்தாராம். பிறகு அம்மாதான் சொன்னா. வனிதாவின் அப்பா தங்கள் ஊர், தெரு என்று சொல்லத் தொடங்க, இவர் இடைமறித்திருக்கிறார்.

"அது தேவையில்லை அண்ணை. பிள்ளையளுக்குப் பிடிச்சிருக்கு. வாற ஞாயிறு நாங்கள் வாறம்."

கலியாணம் நடந்தது. அதோடு அப்பா முழுசாய் மாறிவிட்டார் என்றால் அது பொய். சில பேரைப் பற்றிக் கதைக்கும்போது அந்தப் பழைய குரல் எட்டிப் பார்க்கும். ஆனால் மைக்கில் அந்த வரியை அவர் பிறகு சொன்னதே இல்லை. கைதட்டல் குறைந்தது. அவர் கவலைப்படவில்லை.

அவர் போய் மூன்று வருடமாகிறது. இப்போது கேலிப் படத்துக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. போனில் குடும்பக் குரூப்பில் காலையிலேயே பத்து வந்து விழுகிறது. எல்லோரும் சிரிக்கிற பொம்மையைத் தட்டிவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறோம். அந்தப் படத்தில் இருப்பது வேறு யாரோ என்றுதான் ஒவ்வொருவரும் நினைக்கிறோம்...

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.