வேலை மேல போர்த்துன துணி

அன்னைக்குக் காலையில சிஎன்சி மிஷின்ல கர்ருன்னு ஒரு சத்தம். ஆபரேட்டர் ஈஸ்வரன் ஓடிப்போய் நிறுத்துனான். உள்ள சுத்தற ஸ்பிண்டிலோட பேரிங் போயிருச்சு. சர்வீஸ்காரர் வந்து கழட்டிப் பார்த்துட்டு, "பேரிங் வெளியூர்ல இருந்து வரணுமுங்க அம்மணி, வாரம் பத்து நாள் ஆயிருமுங்க"ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு.

போத்தனூர்ல நான் நடத்துறது சின்ன லேத் பட்டறை. கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற சிஎன்சி மிஷின் அது ஒண்ணுதான். ஒரு பம்ப் கம்பெனிக்கு மோட்டார் ஷாஃப்ட் கடைஞ்சு குடுக்கறதுதான் எங்க எல்லாருக்கும் சோறு. அந்தக் கம்பெனி பர்ச்சேஸ் மேனேஜருக்குப் போன் போட்டு விசயத்தைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை லோடு வரலீன்னா எங்க லைன் நின்னுருமுங்க. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க"ன்னாரு. எங்க ஊர்ல கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பாங்க. அந்தக் கம்பெனி கையை விட்டுப் போச்சுன்னா ஷட்டரை இழுத்து விட்டுட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்.

"அக்கா, அடுத்த தெருவுல ஆரோக்கியசாமியண்ணன் பட்டறையில இதே மிஷின் இருக்குதுங்க"ன்னான் ஈஸ்வரன்.

"வாயை மூடுறா! நம்ம கஸ்டமரைத் தட்டுல வெச்சு அந்தாளுக்குக் குடுக்கச் சொல்றயா?"ன்னு கத்திப்போட்டேன்.

நான் கத்துனதுக்குக் காரணம் இருக்குது. எங்க தொழில்ல ஒரு பழக்கமுங்க. அதே வேலை செய்யற ஆள் பட்டறைக்குள்ள கால் வெச்சா, கடைஞ்சு வெச்சிருக்கற ஜாப் மேல சட்டுனு ஒரு துணியைப் போர்த்திருவோம். யாருக்குச் செய்யறோம்னு தெரிஞ்சா, அவரு நேரா அந்தக் கம்பெனிக்குப் போயி ரேட்டைக் குறைச்சுக் கேட்டுருவாருன்னு பயம். ஆரோக்கியசாமி ஒருக்கா டிரில் பிட் கேட்டு வந்தப்ப நான் போர்த்துனேன். அதைத் திருப்பி வாங்க நான் போனப்ப அவரும் போர்த்துனாரு. ரெண்டு பேரும் துணியப் பார்த்தே பேசிட்டு வந்தோம்.

அவரு முகத்தைப் பார்த்துப் பேசுனது சேம்பர்ல சேர்ந்த பொறகுதான். எங்க பகுதி தொழில் வர்த்தக சபையைத்தான் சேம்பர்ங்கறோம். பக்கத்துல பேட்டரி கடை வெச்சிருக்கறவரு நச்சரிச்சு என்னையச் சேர்த்து உட்டாரு. மாலை, சால்வை, குரூப் போட்டோ, கடைசியில போண்டா. இதுக்குச் சந்தா வேறயான்னு நெனச்சுட்டுக் கடைசி வரிசையில உக்காருவேன்.

ஒரு கூட்டத்துல லோ வோல்டேஜைப் பத்திப் பேச்சு வந்துச்சு. ஆரோக்கியசாமி எந்திரிச்சு, சாயங்காலம் ஆனா அவரு மிஷின் ட்ரிப் ஆகி நின்னுருதுன்னாரு. "அட, எனக்கும் அதேதானுங்க!"ன்னு நான் உக்காந்த எடத்துல இருந்தே கத்திட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். நான் தனியா ஈபி ஆபீசுக்கு எத்தனை தடவை நடந்திருப்பேன், "பாக்கறோமுங்க"ங்கறதைத் தவிர ஒரு பதில் கிடையாது. சேம்பர் பேர்ல நாங்க சேர்ந்து போனதும் சேர் போட்டு உக்கார வெச்சுக் கேட்டாங்க. டிரான்ஸ்பார்மரும் மாத்துனாங்க. இருந்தாலும் பட்டறைக்குள்ள துணி துணிதானுங்க, அது மாறலை.

மிஷின் நின்ன அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் சேம்பர்க்காரங்களுக்கெல்லாம் போன் போட்டேன். அந்த மிஷின் இருக்கறவங்க எல்லாம் தூரத்துல இருந்தாங்க, இல்லாட்டி வேலை நிறைஞ்சு கெடந்தாங்க. கடைசியில செயலாளர் சொன்னாரு: "அடுத்த தெருவுலயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறீங்க. அவரும் நம்ம மெம்பர்தானுங்களே? கூட்டத்துல ஒண்ணா போண்டா திங்கறீங்கல்லோ?"

கடைய வேண்டிய இரும்பு ராடையெல்லாம் சாக்குல கட்டி, குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன். ஆரோக்கியசாமி விசயத்தைக் கேட்டாரு, ஓடிட்டிருந்த ஜாபை நிறுத்தச் சொன்னாரு. நான் மூட்டையைப் பிடிச்சுட்டே நிக்கறேன்.

"பிரிங்க அம்மணி. மூட்டைக்குள்ளயே வெச்சுக் கடையற மிஷின் இன்னும் வரலீங்க"ன்னாரு.

பிரிச்சேன். டிராயிங்கையும் எடுத்து நீட்டுனேன். மூலையில கம்பெனி பேரு கொட்டை எழுத்துல இருக்குது. அவரு வாங்குன உடனே அந்த மூலையைப் பின்னாடி மடிச்சு கிளிப்பைப் போட்டாரு. "எனக்கு சைஸ் தெரிஞ்சாப் போதுமுங்க"ன்னாரு. ஷாஃப்டைப் பார்த்தாலே எந்தக் கம்பெனின்னு தெரியாத ஆளா அவரு? எனக்காகத்தான் மடிச்சாரு. கண்ணு கலங்கிருச்சு, மிஷின் கூலன்ட் தண்ணி தெறிச்ச மாதிரி முந்தானையால துடைச்சுக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை லோடு போயிருச்சு. மிஷின் வாடகையைச் சுளையா வாங்கிக்கிட்டாரு, தள்ளுபடி எல்லாம் கிடையாது. அதுவும் நல்லதுதான், நானும் தலை நிமிர்ந்து குடுத்தேன்.

எங்க செஞ்சேன்னு மேனேஜர்கிட்ட மறைக்காமச் சொல்லிட்டேன். கொஞ்ச நாள் கழிச்சு அவரே ஒரு சங்கதி சொன்னாரு: "உங்களுக்கு ஒரு மாத்து ஆள் இருக்கட்டும்னு ஆரோக்கியசாமிகிட்டப் போய் ரேட் கேட்டேனுங்க. 'அந்த ஷாஃப்ட் என்ர மிஷினுக்கு செட் ஆகாது'ன்னுட்டாரு."

செட் ஆகாதாம்! முழு லோடும் அந்த மிஷின்லதானே ஓடுச்சு! அன்னைக்கு ஈஸ்வரன்கிட்ட நான் கத்துன கத்து நெனப்புக்கு வந்து மானம் போச்சு.

"சேம்பர்ல சேர்ந்தா என்ன லாபமுங்க?"ன்னு புதுசா பட்டறை போடறவங்க கேக்கறாங்க. லோன் மேளா, வரி கிளாஸ், ஈபிக்குக் கூட்டமாப் போறது, எல்லாம் இருக்குதுங்க. ஆனா தனியா நின்னா அடுத்த தெருக்காரன் உங்களுக்குப் போட்டிதான். ஒரே கூரைக்குக் கீழ மாசம் ஒருக்கா உக்காந்தாத்தான் அவனும் மனுசன்னு தெரியும். இதை மொதல்லயே தெரிஞ்சிருந்தா எத்தனையோ வருசத்தைப் பயத்துலயே தள்ளியிருக்க மாட்டேன்.

ஆரோக்கியசாமி போன வாரம் பட்டறைக்கு வந்தாரு. ஈஸ்வரன் பழக்க தோசத்துல துணியை எடுத்தான். நான் அதைப் பிடுங்கி, அவரு உக்கார ஸ்டூலைத் துடைச்சுப் போட்டேன்.