நான் தைத்த ஜூடோ சட்டைகள்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் தெருப் பெண்களைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு ஜூடோ வகுப்பு தொடங்கினார்கள். அதில் ஒரு பெண்ணைக்கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரைவிட்டுக் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் இருக்கும். எனக்குப் பதினெட்டு வயது. முத்தியால்பேட்டையிலிருந்து தினமும் நடந்து, வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் நடத்திய தையல் கூடத்துக்கு வேலைக்குப் போவேன். எதிர்வீட்டுத் தோழியும் கூட வருவாள். காலையில் தொல்லை இல்லை. சாயங்காலம் திரும்பும்போதுதான் எங்கிருந்தோ சைக்கிளில் வருவான்கள். ஜடையைப் பிடித்து இழுப்பான்கள், இடுப்பில் தட்டிவிட்டுப் பறப்பான்கள். ஒரு நாள் தோழியின் தாவணி கிழிந்துபோயிற்று. அதை அவள் அம்மா பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், தெரு முழுக்க அதே பேச்சு.

அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார்.

"உன் பேர்ல ஒரு பேச்சு வரட்டும், அன்னியோட வேலைக்குப் போறது நின்னுச்சு. வூட்டோட கெட."

தொட்டவனுக்கு ஒன்றும் இல்லை. தொடப்பட்டவளுக்குச் சிறை. என்ன நியாயம் இது? அந்த வேலை எனக்கு உயிர். மதாம் என்னை நம்பிக் கத்தரிக்கோலைக் கொடுப்பாள். நான் வெட்டிய துணியை யாரும் இரண்டாம் தடவை அளந்து பார்த்ததில்லை. வீட்டிலோ ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தாலும் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். அதனால் அதற்குப் பிறகு எவன் எதைச் செய்தாலும் வாயைத் திறக்காமல் நடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து நடந்து தாடை வலித்தது.

எங்கள் தெருவில் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவர் இருந்தார். பட்டாளத்துக்காரரை நாங்கள் சொல்தா என்போம். அவர் அங்கே ஜூடோ கற்றவர். தெரு வாலிபர் சங்கத்துக்காரர்கள் அவரைப் பிடித்து, ஒரு தென்னந்தோப்பில் மணலைக் கொட்டி வகுப்பு ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள், என் அண்ணன் உட்பட. ஜூடோவுக்குத் தடித்த சட்டை வேண்டும். அதற்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"உங்க மானத்துக்காகத்தானே தங்கச்சி பண்றோம். சட்டைய நீங்க தைச்சுக் குடுத்துடுங்க."

காடாத் துணியை இரட்டையாக மடித்து, நெருக்க நெருக்கத் தையல் ஓட்டி, நானும் தோழியும் விரல் புண்ணாகத் தைத்தோம். முதல் நாளே நாலு சட்டை அக்குளில் கிழிந்தது. சொல்தா சட்டைகளைத் தூக்கிக்கொண்டு கோபமாக வந்தார். எங்கே இழுவை விழும் என்று தெரியாமல் எப்படித் தைப்பது என்று கேட்டேன். ஒரு சட்டையைத் தோழிக்குப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"இந்தக் கையால முழங்கைகிட்ட புடி. இந்தக் கையால கழுத்துப் பட்டியப் புடி. உன் பக்கம் இழு. கால அவ காலுக்குப் பின்னால குடுத்துத் தள்ளு. இப்பப் பாரு, துணி எங்க விம்முது?"

தோழி பஞ்சு மூட்டைமேல் தொப்பென்று விழுந்தாள். துணி எங்கே விம்முகிறது என்று பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு சட்டையையும் அப்படித்தான் சோதித்தோம். ஒருநாள் அவள் போட்டுக்கொள்வாள், ஒருநாள் நான். தையல் தாங்கும்வரை இழுப்போம், விழுவோம், பிரித்துத் தைப்போம், மறுபடியும் இழுப்போம். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

"நாங்களும் வகுப்புக்கு வரட்டுமா முசியே?" என்று சொல்தாவைக் கேட்டேன்.

"நீ தையலப் பாரும்மா. இது பொம்பளைங்க சமாச்சாரம் இல்ல," என்று சிரித்தார். அண்ணன் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தான்.

மூன்று மாதத்தில் பன்னிரண்டு பேரும் சட்டையை மாட்டிக்கொண்டு சாயங்காலம் வழியெல்லாம் காவல் நிற்கத் தொடங்கினார்கள். சைக்கிள்காரன்கள் காணாமல் போனது உண்மை. தெருவே மெச்சிக்கொண்டது. நாங்கள் வரும் வழிக்குக் காவல், சங்கத் தலைவரின் மகன். முதல் வாரம் பத்தடி பின்னால் வந்தான். இரண்டாம் வாரம் பக்கத்தில் வந்தான். மூன்றாம் வாரம் தோழிக்குக் காய்ச்சல், நான் தனியாக வந்தேன். ஒரு தோட்டத்து மதில் ஓரமாக வரும்போது தோளில் கையைப் போட்டான்.

"கைய எடுங்க," என்றேன்.

"காவலுக்குத்தானே வரேன். என்னாத்துக்குப் பயப்படுற?"

கை தோளிலிருந்து கீழே இறங்கியது. இன்னொரு தடவை சொன்னேன். பாவி, சிரித்தான். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியாது. முழங்கையைப் பிடித்தேன், கழுத்துப் பட்டியைப் பிடித்தேன், இழுத்தேன், காலைக் கொடுத்துத் தள்ளினேன். மல்லாக்க விழுந்தான் அந்தக் கட்டையில போறவன். மணலில் விழப் பழகியவனுக்குக் கல்தரையில் விழத் தெரியவில்லை, மணிக்கட்டு பிசகிவிட்டது. சட்டையில் ஒரு தையல் விடவில்லை. ஐயோ, எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம்! பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பாவையும் என்னையும் தோப்புக்குக் கூப்பிட்டார்கள். அவன் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். தலைவர் என்னைப் பார்க்கவே இல்லை, அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"காவலுக்கு வந்த புள்ள அவன். அவன் மேலயே கைய வெச்சிருக்குது உங்க பொண்ணு. வயசுப் பொண்ணு ஒரு ஆம்பள சட்டையப் புடிக்கலாமா?"

அவன் கை எங்கே இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்தாவுக்குத் தெரியும். எப்படி விழுந்தான் என்று கேட்டவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. "புடி சரியான புடிதான்," என்றார். அதற்குமேல் ஏதாவது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்தேன். "ஆனா பொண்ணு மன்னிப்புக் கேட்டுடறது நல்லது," என்றார். பட்டாளத்தில் சண்டை போட்ட மனுஷனாம், தூ!

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பா கேட்டார், எனக்காக, கைகூப்பி. அது இன்றைக்கும் என் வயிற்றை எரிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கதவைச் சாத்தினார். மில்லுக்குப் போட்டுப் போகும் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"நாளையிலேர்ந்து நீ எங்கயும் போவ வேணாம். மானத்த வாங்கிட்ட."

"நான் என்னா தப்பு பண்ணேன்?"

"எதிர்த்தா பேசுற?" என்று கையை ஓங்கினார்.

சின்ன வயதிலிருந்து வாங்கிய அடிதான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன். ஆனால் ஓங்கிய கையின் முழங்கைச் சட்டை என் இடது பிடியில் இருந்தது. வலது கை அவர் கழுத்துப் பட்டியில் இருந்தது. என் கால் அவர் காலுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. அடுத்தது என்ன என்று அந்த வீட்டில் அண்ணனுக்குத்தான் தெரியும்.

"அப்பா, அசையாதீங்க," என்றான் அவன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். விலக்கிவிட வரவில்லை.

"வுடுடி. பெத்தவன் சட்டையப் புடிக்கிறியே, நல்லா இருப்பியா?" என்றார் அப்பா.

"கைய எறக்குங்கப்பா. நாளைக்கு நான் வேலைக்குப் போறேன். சரின்னு சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் மெல்லப் போய், அந்த இடத்தில் பயம் வந்தது. அப்பா என்னைப் பார்த்துப் பயந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதேன்.

அவர் சரி என்று சொல்லும்வரை பிடியை மட்டும் விடவில்லை.