கும்பிட்டால் சோறு

வயிற்றுப்போக்கால் பிள்ளைகள் வராத நாட்கள் (எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து), 1987

ஜூலை 1 – 31: 61
ஆகஸ்ட் 1 – 31: 74
செப்டம்பர் 1 – 30: 43
அக்டோபர் 1 – 31: 20
நவம்பர் 1 – 30: 8
டிசம்பர் 1 – 24: 3
மொத்தம்: 209

ராஜபாளையத்தில் எங்கள் நூற்பாலை நடத்திய குழந்தைகள் காப்பகத்தின் கணக்கு இது. ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர். எண்களை எழுதியவன் நான், ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் எழுத்தர். குறைத்தவர் காப்பகத்து ஆயா பரிபூரணம். ஊர் செட்டியார்பட்டி, வயது முப்பத்தெட்டு, படிப்பு ஐந்தாம் வகுப்பு. 1979இல் வேலையில் சேரும் வரை பருத்திக்காட்டில் கூலி. வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

3.9.1987 அன்று நிர்வாகத்திலிருந்து முதல் கடிதம் வந்தது. ஆண்டு முடிவதற்குள் நோய் குறையாவிட்டால் காப்பகம் மூடப்படும். ஆயா வேலையும் இருக்காது.

மறுநாளே ஆலையின் நலத்துறை அலுவலர் ராஜரத்தினம் குழாயடியில் சோப்பு வைத்தார். சாப்பாட்டு நேரத்தில் பரிபூரணம், "எல்லாரும் போய்க் கை கழுவுங்க" என்றார். உடனே நாலைந்து பிள்ளைகள் அழத் தொடங்கின.

"ஏன் ஆயா, இன்னைக்குச் சோறு கிடையாதா?" என்று கேட்டாள் நான்கு வயது செல்லத்தாய்.

நம் வீடுகளில் கை கழுவு என்றால் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று பொருள். அழாமல் எழுந்து போனவர்களும் சோற்றுக்கையை மட்டும் நீட்டினார்கள். மண் ஒட்டிய இடக்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ராஜரத்தினம் சிரித்துவிட்டார். பரிபூரணம் சிரிக்கவில்லை. "பிள்ளைக மேல தப்பில்ல சார். நாமதான் வார்த்தைய மாத்தணும்."

அடுத்த திங்கட்கிழமை முதல் அவர் சொன்னது ஒரே சொல்: "கும்பிடுங்க." கும்பிட இரண்டு கையும் வேண்டும். கும்பிட்ட கைகளுக்கு நடுவே சோப்பு. பத்து எண்ணும் வரை தேய்க்க வேண்டும். பிறகுதான் தட்டு வரும்.

அக்டோபரில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் தங்கபாய் சண்டைக்கு வந்தார். "ஏட்டி பரிபூரணம், என்ன பழக்கி வச்சிருக்க? எம்மவன் ஞாயித்துக்கிழமை கோயில்ல கும்பிட்டுட்டுக் குழாய் எங்கன்னு தேடுதான்! பாதிரியாரே சிரிச்சிட்டாரு."

"தேடட்டும்டி. ஒரு மாசமா ஆஸ்பத்திரியத் தேடிப் போனியா நீ?"

தங்கபாய் யோசித்தார். "இல்ல" என்றார்.

24.12.1987 அன்று மேனேஜர் நேரில் பார்க்க வந்தார். வழக்கமாக நோய் கூடும் மழை மாதங்களில் அது குறைந்தது என்று நான் எழுதியதை அவர் நம்பவில்லை. பரிபூரணத்தை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் கேட்டார்: "எல்லாரும் கை கழுவியாச்சா?"

"இல்ல!" என்றன முப்பத்திரண்டு குரல்களும்.

மேனேஜர் முகம் சுளித்துத் திரும்பினார். ராஜரத்தினம் வாய் திறப்பதற்குள் பரிபூரணம் முன்னே வந்தார். "பிள்ளைக இன்னும் சாப்பிடல சார். கும்பிடச் சொல்லிப் பாருங்க."

மேனேஜர் தயங்கித் தயங்கி, "கும்பிடுங்க" என்றார். முப்பத்திரண்டு பேரும் குழாயடிக்கு ஓடினார்கள். இரண்டு கை, சோப்பு, பத்து எண்ணிக்கை. ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. கடைசியாக வந்த செல்லத்தாய் மேனேஜரை அண்ணாந்து பார்த்து, "நீங்க கும்பிடலையா?" என்று கேட்டாள். அவரும் கும்பிட்டார்.

மேனேஜர் வந்து போன பிறகு பதினெட்டு நாள் பரிபூரணம் வழக்கம்போல வேலையைப் பார்த்தார். காப்பகம் தொடரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள எங்கள் இரண்டாவது ஆலையிலும் ஒன்று திறக்கப்படும், அங்குள்ள ஆயாக்களுக்குப் பரிபூரணமே பழக்கிக்கொடுப்பார் என்ற கடைசிக் கடிதம் வந்த தேதி 11.1.1988.