வீட்டுப் பெயருக்கு ஒரு கட்டம்

செல்வராணி மேடம் போய்விட்டார் என்று அவருடைய பழைய மாணவி மாரீஸ்வரி தொலைபேசியில் சொன்னபோது நான் கல்லூரிக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் நின்றிருந்தேன். மாணவர்களிடம், "எல்லாத்தையும் அணைச்சிட்டுக் கிளம்புங்க" என்று மட்டும் சொன்னேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் கோபம் தெரியும். இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் மதுரைக்கு பஸ் ஏறி, கடையில் ரெடிமேடாக வாங்கி, மேலே தன் பெயரை ஒட்டிக் கொடுப்பதுதான் அப்போது சிவகாசிப் பக்கம் வழக்கம். "தீபாவளிச் சட்டை மாதிரி வாங்கிட்டு வர்றீகளேலே, அளவாவது சரியா இருக்கா?" என்பார். பையன்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பட்டாசு ஆலையில் விபத்து என்றால், காயம்பட்டவர்களைக் கிடைத்த வண்டியில் ஏற்றி ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். வீட்டார் வாசல் வாசலாக அலைவார்கள். அப்போது இறுதியாண்டில் இருந்த மாரீஸ்வரியின் அம்மாவும் நாரணாபுரத்தில் பட்டாசு வேலைக்குப் போனவர்தான். "யாரு எங்கன இருக்காகன்னு ஒரே எடத்துல தெரியணும். அதான் ஒங்க புராஜெக்ட்" என்றார் மேடம். பிள்ளைகளே அதற்கு நிரல் எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று முழு நிரலையும் இணையத்தில் திறந்து வைக்கச் சொன்னார்.

முதல் முறை பயன்பட்டபோதே சறுக்கியது. ஒரு விபத்தன்று, அதை வைத்திருந்த ஆஸ்பத்திரிக்கு அண்ணன் ஒருவர் பதறிக்கொண்டு வந்து, "எங்க பாப்பா இருக்காளா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றது கம்ப்யூட்டர். மனிதர் மதுரை வரை ஓடித் தேடிவிட்டுத் திரும்பினார். தங்கை அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள், கம்பெனி அட்டையில் உள்ள முத்துலட்சுமி என்ற பெயரில்.

மறுநாள் மாரீஸ்வரி அழுதாள். மேடம் திட்டவில்லை. "அழாத புள்ள. நம்ம வீட்ல யாரு சர்ட்டிபிகேட் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாக? எனக்கே தோணலையே. வீட்டுப் பேருக்குன்னு ஒரு கட்டம் போடு" என்றார்.

போன மாதம் மேடத்தை மதுரையில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "செல்வராணின்னு மூணு பேர் இருக்காங்க. வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்க சார்?" என்று கேட்டாள். எட்டிப் பார்த்தேன். நம் பிள்ளைகள் போட்ட அதே கட்டம். யாரோ எடுத்து, திருத்தி, அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்! அவர் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் சொன்ன பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் படுக்கை எண்ணைச் சொல்லிவிட்டாள்.

படுக்கையருகே உட்கார்ந்து கட்டத்தின் கதையைச் சொன்னேன். "யாரு கொண்டுவந்து வச்சாகளாம்?" என்றார். தெரியவில்லை என்றேன். "நமக்குத் தெரியாதவுகளா? அப்ப நெசமாவே நல்லாத்தான் செஞ்சிருக்குதுக சார்" என்று முகமெல்லாம் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பேரை மட்டும் காலேஜ்ல சொல்லிராதீக" என்றார்.

சொல்லவில்லை மேடம், இன்றுவரை. உங்களுடையதென்று நான் வைத்திருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். இனி எங்கே வந்து தேடுவது என்று தெரியாததால், இன்று எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லியே கூப்பிட்டுவிடுகிறேன். போய் வாருங்கள், ராசாத்தி.