முப்பத்தெட்டில் அணைந்த போன்

தன் கண் முன்னால் நடக்காத ஒன்றை, நடந்தது என்று இன்னொருவர் சொன்னால், அதை நம்புவதற்கு ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? சத்தியவேட்டுக் கடைத்தெருவில் போன் பழுது பார்க்கும் கோவர்த்தனன் நாற்பது வயது தாண்டும் வரை இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. அவன் தொழிலுக்கு அது தேவைப்படவும் இல்லை. வருகிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள். தண்ணீரில் போட்டுவிட்டுத் தண்ணீரே படவில்லை என்பார்கள். அதனால் மீட்டர் காட்டுவதை மட்டும் நம்பினால் போதும் என்று கடை நடத்தி வந்தான்.

விவசாயக் குடும்பம். அப்பாவுக்கு வேர்க்கடலையும் கொஞ்சம் மாமரங்களும். கோவர்த்தனன் திருப்பதியில் டிப்ளமோ முடித்து, ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில் ஒன்றில் சேர்ந்து, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்வது ஒத்துவராமல் வெளியே வந்தவன். கடைக்கு எதிர்மாடியில் செல்போன் டவர். வாடகை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் சிக்னல் குறை வந்ததே இல்லை.

அவனுக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குக் காரணம் அவன் வைத்திருந்த இரண்டு வழக்கங்கள். ஒன்று, தேவையில்லாமல் ஒரு திருகாணியைக்கூட மாற்ற மாட்டான். இன்னொன்று, போனைக் கடையில் விட்டுப் போகிறவர்களிடம் முதலில் சிம்களைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவான். ஆந்திராவின் எல்லையோர ஊர் என்பதால் முக்கால்வாசிப் பேரிடம் இரண்டு சிம், இந்தப் பக்கத்து நம்பர் ஒன்று, தமிழ்நாட்டு நம்பர் ஒன்று. வேறொரு கடையில் பழுதுக்குக் கொடுத்த போனிலிருந்து ஒரு பெண்ணின் நம்பர் வெளியே போய், கண்டவனெல்லாம் கூப்பிட்டுத் தொல்லை செய்த கதை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து, வயசுப் பெண் இருக்கிற வீட்டுக்காரர்கள் கோவர்த்தனன் கடைக்குத்தான் போவார்கள். தன்னுடைய நேர்மையைப் பற்றி அவனுக்கே ஒரு மதிப்பு இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

தாட்சாயணியும் சாய்குமாரும் வந்தது ஒரு காலை வேளையில். சாய்குமார் பலமனேரிலிருந்து சென்னைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் மினி லாரியின் டிரைவர். வாரத்தில் பாதி நாள் சாலையில்தான் இருப்பான். தாட்சாயணி எல்லையை ஒட்டிய கிராமத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீ சிட்டிக்கு வேலைக்குப் போகிறவள். பஸ் ஏறியதும் கணவனுக்குப் போன் செய்து சொல்வது அவர்களுக்குள் ஏற்பாடு. கம்பெனி வாசலில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், வெளியே வந்தால்தான் திரும்பக் கையில் கிடைக்கும். கொஞ்ச நாளாக அந்தக் காலைப் பேச்சு பாதியில் அறுந்துபோனது. பிறகு பொழுது சாயும் வரை ஸ்விட்ச் ஆஃப். அவள் வீட்டுக்கு வந்த பிறகு அவன் போனை வாங்கிச் சார்ஜரில் போட்டுப் பார்த்தால் அதில் நாற்பதுக்குப் பக்கம் சார்ஜ் மிச்சம் இருக்கும்.

சண்டை எதைப் பற்றியது என்று இருவரும் சொல்லவில்லை. சொல்லாமலே கோவர்த்தனனுக்குப் புரிந்தது.

“எல்லா நேரமும் ஆவாதுண்ணா,” என்றாள் தாட்சாயணி. “பஸ்ஸு ஏறிக்கினு அந்த மாந்தோப்பு வளைவு வரும்போது இவருகிட்ட பேசிக்கினு இருப்பேன். டப்புன்னு ஆஃப் ஆயிடும். அப்புறம் இன்னா அமுக்குனாலும் வராது. வூட்டுக்கு வந்து சார்ஜர்ல போட்டாத்தான் உசுரு வரும். வந்தா முப்பத்தெட்டு, நாப்பதுன்னு காட்டும்.”

“நாப்பது பர்சன்ட் இருக்கிற போன் தானா எப்படிண்ணா ஆஃப் ஆவும்?” என்றான் சாய்குமார். “அதை இவ எனக்குச் சொல்லணும்.”

கோவர்த்தனன் வழக்கப்படி இரண்டு சிம்களையும் கழற்றித் தாட்சாயணியிடம் கொடுத்தான். மறுநாள் வரச் சொன்னான்.

அந்தப் போனுக்கு அவன் செய்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. பவர் பட்டன் உள்ளே ஒட்டிக்கொள்கிறதா என்று திறந்து பார்த்தான். பேட்டரி உப்பவில்லை. மீட்டர் வைத்தால் சரியான வோல்ட் காட்டியது. சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றினான். பிறகு கடை வைஃபையில் வீடியோவைப் போட்டு மேசை மேல் நிறுத்தி வைத்தான். நூறிலிருந்து ஒன்பது வரை, ஒருமுறைகூட அணையாமல், படிப்படியாக இறங்கியது.

மறுநாள் அவர்கள் வந்தபோது கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். கோவர்த்தனன் போனைத் துடைத்துச் சாய்குமாரிடம் நீட்டினான்.

“போன் சுத்தமா கீது. ஆராவது அமுக்குனாத்தான் ஆஃப் ஆவும்.”

சொல்லும்போது லேசாகச் சிரித்தான். காசு வேண்டாம் என்றும் சொன்னான். அவன் காசு வாங்கியிருந்தால்கூடச் சாய்குமாருக்குக் கொஞ்சம் சந்தேகம் மிஞ்சியிருக்கும். பேட்டரி போய்விட்டது என்று சொல்லி ஒன்றை விற்கத் தெரியாதவனா கடைக்காரன்? அவனே ஒன்றும் இல்லை என்கிறான்.

“அப்போ நான் பொய் சொல்றேனாண்ணா?” என்றாள் தாட்சாயணி.

அவள் அதைச் சத்தமாகக் கேட்கவில்லை. கோவர்த்தனன் அடுத்து நின்றவரின் போனைக் கையில் வாங்கினான்.

அவன் சொன்ன வார்த்தை கடையோடு நிற்கவில்லை. பிற்பாடு அவன் கேள்விப்பட்டது இது. தாட்சாயணியின் நைனாவை வரவழைத்து உட்காரவைத்துப் பேசியபோது சாய்குமார் வேறு எந்தச் சாட்சியையும் கொண்டுவரவில்லையாம். கோவர்த்தனன் கடையில் சொல்லிவிட்டார்கள் என்றானாம். அந்தப் பெரியவரும் தலையை ஆட்டினாராம். அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகு சாய்குமார் மட்டும் கடைக்கு வந்தான். அந்தப் போனை விற்க வேண்டும் என்றான். வீட்டில் இருக்கிறவளுக்குத் தனிப் போன் எதற்கு என்று அவனாகவே சொல்லிக்கொண்டான். கோவர்த்தனன் வாங்கிக்கொண்டான். அவனுடைய சொந்தப் போன் கீழே விழுந்து திரை உடைந்து கிடந்தது. தன் இரண்டு சிம்களையும் இதில் போட்டுக்கொண்டான். கடையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து கடை. போன் ஒழுங்காகவே இருந்தது.

உதிரிப் பாகம் வாங்கச் சென்னைக்குக் கிளம்பிய அன்று, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனைவி ரூபாவிடம் பேசிக்கொண்டு போனான். பிள்ளைக்கு ஷூ சைஸ் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிப்பதற்குள் பேச்சு அறுந்தது. திரை கறுப்பாக இருந்தது.

அவனுக்கு முதலில் தோன்றியது, தன் கட்டைவிரல் பட்டனை அழுத்தியிருக்கும் என்பதுதான். அமுக்கிப் பார்த்தான். அமுக்கிப் பிடித்தும் பார்த்தான். பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மாந்தோப்பு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

சென்னையில் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடையில் சார்ஜரைச் செருகினான். போன் விழித்துக்கொண்டு முப்பத்தெட்டு என்றது.

அதற்கு மேல் அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வளைவில் இந்தப் பக்கத்து டவர் கைவிட்டுவிடும், அந்தப் பக்கத்து டவர் இன்னும் பிடித்திருக்காது. இரண்டு சிம்மும் ஒரே நேரத்தில் சிக்னலைத் தேடும். அப்போது போன் பேட்டரியிலிருந்து திடீரென்று நிறைய இழுக்கும். பழைய பேட்டரிக்கு அந்த இழுப்பைத் தாங்கும் வலு இல்லை. மெதுவாகக் கேட்டால் ஒன்பது வரைக்கும் கொடுக்கும், அவசரமாகக் கேட்டால் நாற்பதிலேயே சரிந்துவிடும். அவன் கடையில் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு, டவருக்கு எதிரில் உட்கார்ந்து சோதித்திருக்கிறான். அந்தப் போன் எதைத் தேடி இளைத்ததோ, அதைத் தேட வேண்டிய வேலையே அங்கே அதற்கு வரவில்லை. அவள் இடத்தைச் சொல்லியிருந்தாள், வளைவைச் சொல்லியிருந்தாள், பேசும்போது என்றும் சொல்லியிருந்தாள். ஒரு மெக்கானிக்குக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

திரும்பி வந்த பிறகு சில நாள் கோவர்த்தனன் தனக்குத் தானே வாதாடிப் பார்த்தான். பட்டன் சரி என்று பார்த்துத்தானே சொன்னான்? வோல்ட் சரி என்பதும் பொய் இல்லையே? ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் எல்லாம் உண்மையாகவே இருந்தது, கடைசி வார்த்தையைத் தவிர. யாரோ அமுக்கினார்கள் என்பதை மீட்டர் சொல்லவில்லை. அதை அவன்தான் சேர்த்தான். சிரிப்பையும் அவன்தான் சேர்த்தான். போனோ தன் கையில் இருக்கிறது, வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணமும் வந்தது. வந்ததோடு போகாமல் கொஞ்ச நாள் தங்கவும் செய்தது. அதை மறைத்து அவனை நல்லவனாக்கிக் காட்டத் தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனான். சாய்குமார் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். தாட்சாயணி வாசலில் உட்கார்ந்து கடலைக்காயில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோவர்த்தனன் விஷயத்தைச் சொன்னான். சாய்குமாருக்கு அது பிடிபடவில்லை, அல்லது பிடிபட வேண்டாம் என்று இருந்தது. நேரில் காட்டுகிறேன் என்று அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வளைவுக்குப் போனான். சாய்குமார் பின்னால் உட்கார்ந்து, பலமனேரில் தக்காளி ஏற்றிவிடும் ஆளை அந்தப் போனிலிருந்தே கூப்பிட்டுப் பேசிக்கொண்டே வந்தான். வளைவு வந்தது, தாண்டியது. பேச்சு அறவில்லை.

சாய்குமார் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவனைப் பார்த்தான். லேசாகச் சிரித்தான்.

“எல்லா நேரமும் ஆவாதுப்பா,” என்றான் கோவர்த்தனன். சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று அவனுக்கு உறைத்தது.

வண்டியைத் திருப்பினான். இரண்டாம் முறையும் ஒன்றும் ஆகவில்லை. தக்காளி ஆள் உங்களுக்கு வேற வேலை இல்லையா என்று கேட்டது முன்னால் இருந்தவனுக்கே கேட்டது. மூன்றாம் முறை, வளைவின் நடுவில், அந்தக் குரல் நின்றது. கோவர்த்தனன் வண்டியை ஓரம் கட்டினான். சாய்குமார் பட்டனை அமுக்கினான், விட்டுவிட்டு மறுபடி அமுக்கினான்.

வீட்டில் சார்ஜரில் போட்டார்கள். நாற்பத்தொன்று. சாய்குமார் மனைவி பக்கம் திரும்பாமல், போனில்தான் கோளாறாம், வேண்டுமானால் மறுபடி வேலைக்குப் போய்க்கொள் என்றான். தாட்சாயணி கை நிறுத்தாமல் கல்லைப் பொறுக்கினாள். கம்பெனியில் அவள் நின்ற வரிசையில் வேறு பெண்ணைப் போட்டு எவ்வளவோ நாள் ஆகிவிட்டது என்றாள். கோவர்த்தனன், புது பேட்டரி போட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், காசு எதுவும் வேண்டாம் என்றான். அந்த வீட்டாரிடம் காசு வேண்டாம் என்பது தன் வாயிலிருந்து இரண்டாம் முறை வருவது அவனுக்கே கேட்டது.

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். கணவனைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அன்னிக்கு இந்த அண்ணா சொன்னாருன்னு நம்புன. இன்னிக்கும் இந்த அண்ணா சொன்னாருன்னுதான் நம்புற. ரெண்டுக்கும் நடுவுல நான் சொல்லிக்கினே இருந்தேனே, அது இன்னா ஆச்சு?”

சாய்குமார் லாரிப் பக்கம் போய்விட்டான். மன்னிப்புக் கேட்பதற்கென்று கோவர்த்தனன் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் அந்தக் கேள்விக்கு முன்னால் எதற்கும் ஆகவில்லை. தப்பு என்னுதுதாம்மா என்று மட்டும் சொன்னான். அவள் இல்லை என்று சொல்லவில்லை. போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி அவன் கையில் கொடுத்தாள்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும்ணா,” என்றாள்.

அவள் பிறகு வேறொரு கம்பெனியில் சேர்ந்தாள் என்றும், சம்பளம் முன்னைவிடக் குறைவு என்றும் அந்த ஊரிலிருந்து வரும் ஒருவர் சொன்னார். சாய்குமாருக்குக் காலையில் போன் செய்கிறாளா என்பதை அவரும் சொல்லவில்லை, கோவர்த்தனனும் கேட்கவில்லை.

கடையில் அவன் இப்போது சிம்களைக் கழற்றுவதற்கு முன்னால், போன் எங்கே அணைகிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கிறான். அதனால் கூட்டம் தேங்குகிறது. சிலர் சலித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். இதெல்லாம் ஒரு மெக்கானிக் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவை, இதில் பாராட்ட ஒன்றும் இல்லை.

ஆனால் இன்னொன்று உண்டு. அந்தப் போன் இன்னும் அவன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. சரக்கு எடுக்கப் போகும்போது பல தடவை வளைவில் அணைகிறது. சென்னையில் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் ரூபா கூப்பிட்டு ஓய்ந்துபோகிறாள். திரும்பி வந்ததும் போனை வாங்கிச் சார்ஜரில் போட்டு எண்ணைப் பார்க்கிறாள்.

“நாப்பது கீது. அப்புறம் எதுக்குங்க ஆஃப் பண்ணீங்க?”

“நான் பண்ணல. தானா ஆஃப் ஆயிடுச்சு.”

“போன் கடைக்காரரு பேசுற பேச்சா இது?”

முதலில் சிரித்துக்கொண்டு கேட்டவள், இப்போதெல்லாம் சிரிக்காமல் கேட்கிறாள். அவன் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்ப்பதில்லை. அந்த மாடலுக்கு உரிய புது பேட்டரிகள் கடையில் அவன் தலைக்குப் பின்னால் கொக்கியில் வரிசையாகத் தொங்குகின்றன. கேட்டு வருகிறவர்களுக்கு, அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாற்றிக் கொடுக்கிறான். தன்னுடையதற்கு மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று ரூபாவிடம்கூட அவன் சொன்னதில்லை.